ஃபஸ்ட் கிளாஸ் தம்பி எழுதிய அமெரிக்கப் பாடம்

செஞ்சி,
15-6-64

தஞ்சாவூர் கரந்தையில் வாழும் அக்கா லீலாவதிக்கு, தம்பி ஸ்ரீபால் தண்டோரா போட்டுத் தெரிவிப்பது:

இதனால் சகல ஜனங்களும் அறிய வேண்டியது என்னவென்றால், நம் வீட்டு எருமை இன்று காலை பால் கறக்கும் நேரத்தில் நைனாவின் கன்னத்தில் வாலால் ஒன்று வைத்து, சுதந்திரப் பிரகடனம் செய்துவிட்டது. நைனா அதை ஏற்கவில்லை. பேச்சுவார்த்தை புண்ணாக்கு அளவில் நடந்துகொண்டிருக்கிறது. ஊரில் வேறு விசேஷம் இல்லை.

ஆங், ஒரு சில்லறைச் சேதி, மறந்தே போனேன். பி.யூ.சி. ரிசல்ட் வந்துட்டுது. உன் தம்பி ஃபஸ்ட் கிளாஸ். நீ எழுதாமல் விட்டாயே, அந்த ஹிஸ்டரியிலும் சேர்த்துத்தான். கார்டில் இடம் இல்லாததால் என் பெருமையை இத்துடன் மடித்து வைக்கிறேன்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது: வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடு, வேலை இருக்குது என்று தள்ளாதே.

அத்தானுக்கும் உன் மாமனார் மாமியாருக்கும் நமஸ்காரம். இவ்விடம் எருமை, நைனா, அம்மா, நான் நால்வரும் சுகம். வரிசையும் அதுதான்.

ஸ்ரீபால்


கரந்தை,
23-6-64

சிரஞ்சீவி ஸ்ரீபாலுக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே மாமா, அத்தை, உன் அத்தான், நான் எல்லோரும் சௌக்கியம். நைனாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? எழுது.

உன் கார்டை மாமா கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். உனக்குத்தான் தெரியுமே, முப்பது வருஷம் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். இந்த வீட்டுக்கு வரும் கடிதம் எதுவானாலும் அவர் கையில் பிரிந்து, அவர் வாயால் வந்த பிறகுதான் உரியவருக்கு. எருமை வந்த இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். ஃபஸ்ட் கிளாஸ் வந்த இடத்தை இரண்டு தரம் படித்தார். "முதல் தடவையிலேயே! பையன் விஷயம் உள்ளவன்" என்றார்.

அந்தச் சமயம் பார்த்து உன் அத்தான் மெல்ல ஆரம்பித்தார். போன வருஷம் முகூர்த்தமும் ஹிஸ்டரி பரீட்சையும் ஒரே நாளில் வந்ததால் விட்டுப்போன ஒரே ஒரு பேப்பர். அதை எழுதிவிட்டால் இவளுக்கு பி.யூ.சி. முடிந்துவிடும், பிறகு டீச்சர் டிரெயினிங் போகலாம் என்றார். எழுத விடுவதாக நிச்சயத்தின்போது சொன்னவர்தான் மாமா. போன செப்டம்பரில், "மெட்ராஸ் வரைக்கும் யார் துணை?" என்று கேட்டார். உன் அத்தானுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. பேச்சு அதோடு நின்றது. இப்போது உன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பையன் பாடம் எழுதி அனுப்பட்டும். அவனே வந்து அழைத்துப் போகட்டும். தேறினவன் துணை என்றால் எனக்கும் தைரியம்."

ஸ்ரீபால், எனக்கு அமெரிக்கா பகுதிதான் மறந்து போயிற்று. குடியேற்றத்திலிருந்து உள்நாட்டுப் போர் வரை. என் புத்தகம் அங்கே மாடி அறைப் பெட்டியில் இருக்கிறது. தபாலில் கட்டு எதற்கு, பாஸ் பண்ணினவன் எழுதினாலே போதும் என்கிறார் மாமா. வாரம் ஒரு பாடம் எழுது. உன்னை நம்பியிருக்கிறேன்.

லீலாவதி


செஞ்சி,
6-7-64

மாணவி லீலாவதிக்கு, வாத்தியார் ஸ்ரீபால் பிரம்பைத் தட்டி எழுதுவது. இங்கு சுகம். அங்கும் சுகமாக இருக்கும்படி உத்தரவு.

பாடம் ஒன்று. 1607-ல் இங்கிலீஷ்காரன் ஜேம்ஸ்டவுனில் இறங்கினான். தங்கம் தேடி வந்தவனுக்குக் கொசுவும் பசியும் கிடைத்தன. அப்புறம் புகையிலை போட்டான், பிழைத்துக்கொண்டான். நம் ஊருக்கு மல்லாட்டை (கரந்தைக்காரர்களுக்கு வேர்க்கடலை) மாதிரி அவனுக்குப் புகையிலை. 1620-ல், சாமி கும்பிடும் முறையில் ராஜாவோடு தகராறு செய்துகொண்டு இன்னொரு கூட்டம் மேஃப்ளவர் கப்பலில் வந்தது. இப்படியே குடியேற்றம் பதின்மூன்று. குடி ஏறினால் தலை சுற்றுமாம். எனக்குக் குடிக்காமலே சுற்றுகிறது.

பாடம் இரண்டு, டீ. ராஜா டீக்கு வரி போட்டார். பாஸ்டன் ஊர்க்காரர்கள் செவ்விந்தியர் வேஷத்தில் கப்பல் ஏறி, பெட்டி பெட்டியாக டீயைக் கடலில் கொட்டினார்கள். சரித்திரத்தைப் படித்தால் போதாது, செய்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஆகவே நானும் என்னோடு படித்த இளையபெருமாளும் மூஞ்சியில் கரியும் மஞ்சளும் பூசிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் விநாயகத்தின் டீக்கடைக்குள் புகுந்தோம். டீத்தூள் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, செட்டிகுளத்தில் எறிந்தோம்.

"டேய், இன்னாடா இது அக்கிரமம்?"

"சட்டசபையில் எங்கள் ஆள் இல்லாமல் எங்களுக்கு வரி கிடையாது!"

"உனக்கு இனிமே டீயே கிடையாதுடா!"

ஊரே கூடிவிட்டது. நைனாவுக்கு உள்ளுக்குள் பெருமை. வெளியே காட்டிக்கொள்ளாமல் விசிறிக் கட்டையை எடுத்தார்.

இதை எழுதுவது நம் கோட்டையில், ராஜகிரி மலை உச்சியில். மரப்பாலத்தை ஒற்றைக் காலில் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறேன். புத்தகமா? எனக்கு எதுக்கு? எல்லாம் தலையில் இருக்குது.

அம்மா சொல்கிறாள்: உடம்பைப் பார்த்துக்கொள்.

ஸ்ரீபால்


கரந்தை,
15-7-64

ஸ்ரீபாலுக்கு ஆசீர்வாதம். இவ்விடம் அனைவரும் சௌக்கியம்.

டீத்தூள் சங்கதியை மாமா படித்தபோது அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மாமா சிரிக்கவில்லை. உன் அத்தான் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

விண்ணப்பத்தை அத்தான் ஆபீசுக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்துவிட்டார். செப்டம்பர் 28 பரீட்சை.

ஒரு சந்தேகம். அந்த டீ முன்னைவிட மலிவாகத்தான் வந்தது என்று எனக்கு ஞாபகம். மலிவாக வந்ததை ஏன் கொட்டினார்கள்? கேள்வித்தாளில் இதைத்தான் கேட்பார்கள் என்று தோன்றுகிறது. யோசித்துப் பார்த்தேன். உன்னைக் கேட்க மாட்டோம், ஆனால் உனக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று சொன்னாலும் கசக்கும் போலிருக்கிறது. சரிதானா? எழுது.

சோறு வடிக்கும்போது வருஷங்களைச் சொல்லிப் பார்க்கிறேன். 1765 முத்திரைச் சட்டம், 1773 டீ, 1776 பிரகடனம். நேற்று சோறு குழைந்துவிட்டது. மாமா மோரை அதிகமாக ஊற்றிக்கொண்டார். இன்று நான் வருஷம் சொல்லவில்லை.

அடுத்தது அடிமைகள் வடக்கே தப்பிப் போனதைப் பற்றி எழுது. பி.ஏ.வுக்கு எந்தக் காலேஜ் என்று மாமா கேட்கிறார். அங்கெல்லாம் திறந்திருப்பார்களே?

அம்மாவுக்கு என்ன? உன் கடிதங்களில் அம்மா சொல்வது வரவரக் குறைகிறதே.

லீலாவதி


செஞ்சி,
10-8-64

அக்காவுக்கு, தாமதத்துக்குத் தோப்புக்கரணத்துடன் ஸ்ரீபால் எழுதியது. அனைவரும் சுகம். எருமைக்கும் நைனாவுக்கும் சமாதானம் ஆகிவிட்டது.

ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்றால், ஆடி அமாவாசை. இந்தப் பக்கத்து பஸ் எல்லாம் மேல்மலையனூருக்குத் திரும்பிவிட்டது. பஸ்ஸுக்கு மேலே ஜனம், ஜனத்துக்கு மேலே மூட்டை. தபால் பையைக்கூட யாரோ தலைக்கு வைத்துத் தூங்கியிருப்பார்கள்.

காலேஜைப் பற்றிக் கேட்டாய். என்னை யார் சேர்த்துக்கொள்வது என்று காலேஜ்களுக்குள் அடிதடி. தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

டீ மலிவுதான், ஆனால் நாள்பட்ட சரக்கு, அதனால் கொட்டினார்கள்.

இனி, அடிமைகள். தெற்கே பருத்தித் தோட்டங்களில் லட்சக்கணக்கான பேர். ஆடு மாடு போல விற்றார்கள். ஜனத்தொகைக் கணக்கில் ஐந்து அடிமையை மூன்று ஆளாக எண்ணினார்கள். இப்படிக் கணக்குப் போட்டால் எனக்கு முட்டைதான் மார்க், அவனுக்கு அரசியல் சட்டம். தப்பிப் போகிறவர்களுக்காக வடக்கத்தி நல்லவர்கள் சேர்ந்து பூமிக்கு அடியில் ஒரு ரயில்பாதை போட்டார்கள். மேலே எஜமான் தூங்குவான், கீழே ரயில் ஓடும். புகை வெளியே தெரியாமல் இருக்க விறகுக்குப் பதில் உயர்ந்த ரகக் கரி. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சோறு போட்டு, கனடா எல்லையில் இறக்கிவிட்டார்கள். பரீட்சையில் இதை நான் படம் போட்டு எழுதினேன்.

வருவதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஸ்ரீபால்


கரந்தை,
18-8-64

ஸ்ரீபாலுக்கு ஆசீர்வாதம். சௌக்கியம்.

அது ரயில் இல்லை, ஸ்ரீபால்.

உன் அத்தான் நூல்நிலையத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தார். ஒரு வாரத்தில் திருப்ப வேண்டும். அதில் பார்த்தேன். ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை. நடந்துதான் போனார்கள். வழியில் தைரியமுள்ளவர்கள் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்துச் சோறு போட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டை ஸ்டேஷன் என்றும், கூட வந்து வழி காட்டினவரை நடத்துனர் என்றும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். துணைக்கு ஒருவர் வந்து நிற்காவிட்டால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக முடியாது.

உன் கடிதத்தை மாமா படித்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்த பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

தசலட்சண விரதம் பத்து நாளும் முடிந்ததும் நீ வர வேண்டும். செப்டம்பர் 22 செவ்வாய்க்கிழமைக்குள் என்று மாமா நாள் சொல்லியிருக்கிறார். வரும்போது மார்க் ஷீட்டை எடுத்து வரச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பையன்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

அம்மாவை ஒரு வரியாவது சொல்லச் சொல்.

லீலாவதி


செஞ்சி,
29-8-64

அக்காவுக்கு, சிறைவாசி ஸ்ரீபால் எழுதுவது. உடம்பு சுகம். மற்றதைக் கேட்காதே.

நான் வர முடியாதபடி ஆகிவிட்டது. நைனா என்னை மாடி அறையில் போட்டு அடைத்துவிட்டார். டீத்தூள் குற்றத்துக்கான தண்டனை, இப்போதுதான் தீர்ப்பாயிற்று. ஒரு பக்கம் உன் பழைய பெட்டி, மறுபக்கம் மல்லாட்டை மூட்டை, நடுவில் நான். ஜன்னலில் மூன்று மலையும் தெரிகிறது. கோட்டையை வெளியே இருந்து பார்க்கிறவனும் கைதிதான் என்பது என் கண்டுபிடிப்பு. 1861-ல் சம்டர் கோட்டையில் அடைபட்டவர்களுக்குச் சோறு தீர்ந்துபோயிற்று. எனக்கு அந்தக் குறை இல்லை, அம்மா கொண்டுவந்து வைக்கிறாள். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறாள். அதுதான் கஷ்டமாக இருக்குது.

இளையபெருமாள் காலேஜுக்கென்று டிரங்குப் பெட்டியோடு மெட்ராஸ் பஸ் ஏறினான். இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் பஸ் தெரியும். அவன் கை காட்டினான். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

உன் மாமனாரிடம் சொல், மார்க் ஷீட்டை எருமை தின்றுவிட்டது.

ஸ்ரீபால்


கரந்தை,
7-9-64

ஸ்ரீபாலுக்கு ஆசீர்வாதம். அனைவரும் சௌக்கியம்.

எருமை சங்கதியை மாமா படித்தார். படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என்னிடம் தந்தார். வழக்கமாக நாலு வார்த்தை சொல்வார்.

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நூல்நிலையப் புத்தகத்தைத் திருப்புவதற்குள் 1820 மிசௌரி உடன்பாட்டிலிருந்து 1865-ல் போர் முடிந்தது வரை குறிப்பு எடுத்தேன். டீ விஷயமும் சேர்த்திருக்கிறேன். வரியோடு அந்த டீயை வாங்கினால், கேட்காமல் வரி போடும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் மலிவாக இருந்தும் கொட்டினார்கள். நாள்பட்ட சரக்கு என்று எழுதினால் மார்க் கிடைக்காது.

குறிப்பை இரண்டு பிரதியாக எழுதினேன். ஒன்று எனக்கு. இன்னொன்று யாருக்கு என்று மாமா கேட்டார். கைப்பழக்கத்துக்கு என்று சொன்னேன். இத்துடன் வைத்திருப்பது அந்த இரண்டாவது பிரதி. தொலைத்துவிடாதே.

நீ வந்தால் வா. நான் மறுபடி கேட்கப் போவதில்லை.

லீலாவதி


கரந்தை,
14-9-64

செஞ்சி சிரஞ்சீவி ஸ்ரீபாலுக்கு, தர்மநாதன் ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் க்ஷேமம்.

என் மருமகள் அனுப்பிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. தபாலில் தவறியிருக்க முடியாது. நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பரீட்சையைப் பற்றி அவள் இப்போது பேசுவதில்லை. குறிப்புத் தாள்களை அடுக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். சோறு பதமாக இருக்கிறது. அவள் கேட்காததால் நான் கேட்கிறேன். நீ வருகிறாயா, இல்லையா? செவ்வாய்க்கிழமை வரை பார்ப்பேன். அதன் பிறகு அந்தப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்க வேண்டியதில்லை.

உன் தகப்பனார், தாயாருக்கு என் விசாரிப்பு.

தர்மநாதன்


செஞ்சி,
18-9-64

கரந்தை மாமா அவர்களுக்கு, ஸ்ரீபால் அநேக நமஸ்காரத்துடன் எழுதுவது. நைனாவும் அம்மாவும் சுகம். தங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் அக்காவுக்கு இல்லை, தங்களுக்கே எழுதுகிறேன். எப்போதும் போல எல்லோரையும் வைத்துக்கொண்டே படியுங்கள். நான் எதிரே இல்லாதபோதே படித்து முடித்துவிட்டால் எனக்கும் சௌகரியம்.

நான் பாஸ் இல்லை. ஹிஸ்டரியில் போயிற்று. அக்கா எழுத வேண்டிய அதே பேப்பர். ரிசல்ட் வந்த அன்று அக்காவுக்கு ஒரு கார்டு எழுத உட்கார்ந்தேன். எருமையைப் பற்றி எழுதினேனா, கை தானாக ஓடியது. ஃபஸ்ட் கிளாஸும் அந்த ஓட்டத்திலேயே வந்துவிட்டது. அடுத்த கார்டில் "சும்மா சொன்னேன்" என்று எழுதிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் நீங்கள் அதைப் படித்து, அக்கா பரீட்சைக்குச் சம்மதமும் கொடுத்துவிட்டீர்கள். மாற்றி எழுதினால் அவள் பரீட்சை போகும். எழுதாமல் விட்டால் நான் மார்க் ஷீட்டோடு உங்கள் எதிரே வந்து நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஜூன் மாசத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதி, எழுதினதைத் திருப்பிப் படித்துக் காட்டுவது வழக்கம். ஒவ்வொரு தடவையும் அம்மா, "பரீட்சை போச்சுன்னு அவளுக்கு எழுதுடா" என்பாள். எழுதினேன் என்று, எழுதாத வரியை நான் அழகாகப் படித்துக் காட்டுவேன். அக்காவிடமிருந்து ஒரு ஆறுதல் வார்த்தை வரும் என்று அம்மா ஒவ்வொரு கடிதத்துக்கும் காத்திருந்தாள். போன வாரம், "உன் அக்காவுக்கு உன்மேல இவ்வளவு கோவமா? ஒரு வார்த்தை கேக்கலியே" என்று அழுதுவிட்டாள். அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். அம்மா நைனாவிடம் சொன்னாள். நைனா விசிறிக் கட்டையை எடுக்கவில்லை. "எழுதினவன் நீ. மாத்தி எழுத வேண்டியவனும் நீதான். அது வரிக்கும் நான் சம்பந்தி வீட்டு வாசல்ல எந்த மூஞ்சியோட நிப்பேன்?" என்றார். அதற்கு அப்புறமும் எனக்கு இந்தக் கடிதம் எழுத நாலு நாள் பிடித்தது. உங்கள் கார்டு வந்த பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.

மற்றதையும் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். நைனா என்னை அடைத்துவைக்கவில்லை. மாடி அறையின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது, போட்டுக்கொண்டது நான். வெளியே போனால் கடைத்தெருவில், "இன்னா ஸ்ரீபாலு, காலேஜ் போவலியா?" என்கிறார்கள். ராஜகிரிக்கு நான் போகவில்லை. அந்த மரப்பாலம் என்றால் எனக்குச் சின்ன வயசிலிருந்து காலே வராது. டீத்தூள் டின் காலி டின், துருப்பிடித்தது. "போறப்ப இத்தையும் எங்கனா தூக்கிப் போட்டுடு" என்று கொடுத்தது விநாயகமே. முகத்தில் கரி பூசினது மட்டும் நிஜம்.

அக்காவுக்கு நான் பாஸாகவில்லை என்று ரொம்ப நாளாகத் தெரியும். ரயில் விஷயம் எழுதிய அன்றே தெரிந்திருக்கும். இருந்தும் என்னைத் திட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டாவது பிரதி எடுத்து அனுப்பினாள். அது கைப்பழக்கத்துக்கு இல்லை மாமா. எனக்காக உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறாள். அதை அவள் கணக்கில் எழுத வேண்டாம், என் கணக்கிலேயே எழுதுங்கள்.

எனக்கும் ஹால் டிக்கெட் வந்திருக்கிறது. அதே நாள், அதே மெட்ராஸ். திங்கட்கிழமை ராத்திரி விழுப்புரத்தில் ரயில் ஏறுகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் வாசலில் நிற்பேன், மார்க் ஷீட்டோடு. ஹிஸ்டரிக்கு எதிரே இருக்கும் எண்ணை இங்கேயே எழுதலாம் என்று பார்த்தேன், பேனா வரவில்லை. நேரில் காட்டுகிறேன், பக்கத்து வீட்டுப் பையன்களுக்கும். தேறினவன் துணை என்றால்தான் அனுப்புவேன் என்றீர்கள். தேறாதவனோடு அனுப்ப மனசில்லை என்றால் அத்தானோடு அனுப்புங்கள், நான் அடுத்த பெட்டியில் வருகிறேன். ஆனால் அனுப்புங்கள் மாமா. அவள் பரணிலிருந்து அந்தத் தாள்களை இறக்கச் சொல்லுங்கள்.

லீலாவதிக்குத் துணையாக ஸ்ரீபாலை அனுப்புகிறோம் என்று எழுதச் சொன்னார் நைனா. எழுதிவிட்டேன். உங்களுக்கு மட்டும் ஒன்று, மெதுவாகப் படியுங்கள்: அக்கா குறிப்பில் நான் இன்னும் 1863 கெட்டிஸ்பர்க் சண்டை வரைக்கும்தான் வந்திருக்கிறேன். மெட்ராஸ் போய்ச் சேர்வதற்குள் மீதியை அவள் சொல்லிக்கொடுத்துவிடுவாள் என்ற தைரியத்தில்தான் கிளம்புகிறேன்.

பணிவுடன்,
ஸ்ரீபால்